நோய்ப் பரவல் காலத்தில் ஒரு கால்பந்து லீக்கைத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி இது: "சென்னையில் 12 அணிகள் ஆடும் ஒரு லீக்கை நடத்தும் குழுவில் இருக்கிறேன். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் சீசனை எப்படித் திட்டமிட வேண்டும்? முதலில் தேதிகளைப் போட்டுவிட்டு, பார்வையாளர் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?"

தேதிகளைக் கடைசியில் போடுங்கள். நீங்கள் முதலில் உட்கார்ந்து எழுத வேண்டியது, சீசன் பாதியில் நின்றுபோனால் யார் சாம்பியன், யார் கீழ் டிவிஷனுக்கு இறங்குவார்கள், பணம் யாருக்குப் போகும் என்பதை. இதை முதல் மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் எழுதி, 12 அணிகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். டேபிளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்த விதியை எழுதினாலும் அது யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியது போலத்தான் படும்.

2020-ல் ஐரோப்பாவில் அப்படித்தான் ஆனது. நெதர்லாந்தில் லீக்கைக் கைவிட்டபோது அயாக்ஸும் ஏஇசட் அல்க்மாரும் 56 புள்ளிகளில் சமமாக இருந்தன. சாம்பியன் என்று யாரையும் அறிவிக்கவில்லை. யாரும் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இரண்டாம் டிவிஷனில் முதலிடத்தில் இருந்த கம்பூர் அணி, அவ்வளவு மேட்ச் ஜெயித்தும் அதே டிவிஷனில் கிடந்தது. பிரான்சில் ஆடிய மேட்சுகளின் சராசரிப் புள்ளியை வைத்து டேபிளை முடித்தார்கள். பாரிஸ் அணியான பிஎஸ்ஜி சாம்பியன், அமியானும் துலூஸும் இறக்கம், லியோனுக்கு அடுத்த வருட ஐரோப்பியப் போட்டிகளில் இடம் இல்லை. பாதிக்கப்பட்ட மூன்று கிளப்புகளும் கோர்ட்டுக்குப் போயின. ஜெர்மனி மே 16-ல் காலி மைதானங்களில் திரும்ப ஆரம்பித்து சீசனை முடித்தது. இங்கிலாந்து ஜூன் 17-ல் ஆரம்பித்து, பாக்கியிருந்த 92 மேட்சுகளையும் ஜூலை 26-க்குள் ஆடி முடித்தது. ஒரே நோய், ஒரே வருடம், நாட்டுக்கு ஒரு தீர்வு.

நம் நாட்டில் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் 2019-20 சீசன் மார்ச் மாதம் நின்றபோது ஒரு விஷயம் கைகொடுத்தது. மோகன் பகான் நான்கு ரவுண்டு மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்துவிட்டது. அதனால் 28 மேட்ச் ஆடாமல் போனாலும் சாம்பியன் யார் என்பதில் சண்டை வரவில்லை. அந்த மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பி நீங்கள் லீக் நடத்த முடியாது.

என் யோசனையில் விதி இப்படி இருக்கலாம். எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஒரு முறை மோதி முடித்திருந்தால் அந்த டேபிள் செல்லும். சாம்பியன் உண்டு, இறக்கமும் உண்டு. முதல் சுற்று முடியாமல், ஆனால் முக்கால்வாசிக்கு மேல் ஆடியிருந்தால் சராசரிப் புள்ளியில் சாம்பியனை மட்டும் அறிவிக்கலாம். யாரையும் இறக்கக் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் சீசன் ரத்து, பதிவுக் கட்டணத்தில் செலவு போக மீதி திரும்பத் தரப்படும். முக்கால்வாசி என்பதை நீங்கள் மூன்றில் இரண்டு என்று மாற்றிக்கொள்ளலாம், அது முக்கியமில்லை. முன்கூட்டியே எழுதியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இந்த விதி இருந்தால் அட்டவணையின் வடிவமும் தானாக அமைந்துவிடும். 12 அணிகள் ஒரு முறை மோதினால் 66 மேட்ச், 11 ரவுண்டு; ஒரு ரவுண்டில் எல்லா அணியும் தலா ஒரு மேட்ச் ஆடும். ஹோம் (சொந்த மைதானம்), அவே (எதிரணி மைதானம்) என்று இரண்டு முறை மோதினால் 132. சாதாரண வருடத்தில் இரண்டு சுற்றையும் கலந்து போடுவதில் தப்பில்லை. நோய்க் காலத்தில் முதல் 66 மேட்சும் முழுதாக முடியாமல் இரண்டாவது சுற்றில் ஒரு மேட்ச் கூட வைக்கக் கூடாது. அப்போது நீங்கள் 11-வது ரவுண்டில் நின்றாலும் கையில் ஒரு முழு லீக் இருக்கும்.

ஐ-லீக் 2020-21-ல் இதைத்தான் செய்தது. 11 அணிகளையும் மேற்கு வங்கத்துக்கு வரவழைத்து, எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடிய பிறகு மேலே இருந்த அணிகளை ஒரு பிரிவாகவும் மற்றவர்களை இன்னொரு பிரிவாகவும் பிரித்து முடித்தார்கள். கோகுலம் கேரளா சாம்பியன். இந்தியன் சூப்பர் லீக்கும் (ஐஎஸ்எல்) அதே சீசனில், 2020 நவம்பர் 20-ல் கோவாவில் ஆரம்பிக்கும்போது, முதலில் 55 மேட்சுகளின் அட்டவணையை மட்டும்தான் வெளியிட்டது. மீதி டிசம்பரில் என்று சொல்லிவிட்டார்கள். 11 அணிகள் ஒரு முறை மோதினால் வரும் கணக்கும் சரியாக 55தான். பாதியை உறுதியாகச் சொல்லி, மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். முழு சீசன் தேதிகளையும் போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டால், ஒவ்வொரு தள்ளிவைப்பும் ஒரு வாக்கு மீறலாகத் தெரியும்.

அட்டவணை போடும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு தாளில் மேல் வரிசையில் 1 முதல் 6 வரை எழுதுங்கள். அதற்கு நேர் கீழே 12, 11, 10, 9, 8, 7 என்று எழுதுங்கள். மேலும் கீழும் நேருக்கு நேர் இருப்பவர்கள் முதல் ரவுண்டில் மோதுவார்கள்: 1-12, 2-11, 3-10 என்று. அடுத்த ரவுண்டுக்கு 1 அசையாமல் இருக்க, மற்ற பதினொருவரையும் கடிகாரச் சுற்றில் ஒரு இடம் நகர்த்துங்கள். இப்போது 12 என்பது 2 இருந்த இடத்துக்கு வரும், 1-க்கு எதிரே 11 வரும். இப்படிப் பதினொரு ரவுண்டு எழுதினால் 66 மேட்சும் விடுபடாமல் வந்துவிடும். ஒற்றைப்படையில் அணிகள் இருந்தால் ஒரு எண்ணுக்கு "பை" என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே வரும் அணிக்கு அந்த வாரம் ஓய்வு.

இந்தத் தாளில் எந்த அணி எந்த எண் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. வழக்கமாக ஆர்வத்தைக் கூட்டுவதற்காகப் பலமான அணிகளின் மோதலைக் கடைசி ரவுண்டுகளுக்குத் தள்ளுவார்கள். நோய்க் காலத்தில் அதைச் செய்யாதீர்கள். கடைசி இரண்டு ரவுண்டு நடக்காமல் போனால், பலமான அணிகள் பலவீனமான அணிகளோடு மட்டும் மோதிய டேபிள்தான் கையில் இருக்கும். அதை வைத்துச் சராசரி போட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய மேட்சுகளை நான்காவது ரவுண்டிலிருந்து எட்டாவது ரவுண்டுக்குள் பரப்பி வையுங்கள்.

சரி, ஒரு அணியில் நோய் வந்தால் எத்தனை மேட்ச் போகும்? வாரத்துக்கு இரண்டு மேட்ச் ஆடும் அணியை 14 நாள் தனிமைப்படுத்தினால் நான்கு மேட்ச் போகும். அந்த நான்கிலும் எதிரே ஆட வேண்டியவர்கள் நான்கு வேறு அணிகள். ஆக ஐந்து அணிகளின் கணக்கு கலைகிறது. ஒரே நேரத்தில் மூன்று அணிகளுக்கு வந்தால் 66-ல் 12 மேட்ச் வரை தொங்கும். வாரத்துக்கு ஒரு மேட்ச் என்றால் இழப்பு பாதியாகும், ஆனால் சீசன் இரட்டிப்பு நீளும். நீள நீள அடுத்த அலையில் போய் மாட்டும் ஆபத்தும் கூடும். நான் வாரத்துக்கு இரண்டு மேட்ச், நான்கு ரவுண்டுக்கு ஒரு முறை காலி வாரம் என்று வைப்பேன். காலி வாரங்களை எல்லாம் சீசனின் கடைசியில் சேர்த்து வைக்கக் கூடாது. விட்டுப்போன மேட்சுகள் அங்கே குவிந்தால், டேபிளில் ஒருவர் 9 மேட்ச், இன்னொருவர் 6 மேட்ச் என்று நிற்பார்கள். அந்த நிலையில் லீக் நின்றால் நீங்கள் எழுதிய விதியே வேலை செய்யாது.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. 12 அணிகளை நான்கு நான்காக மூன்று தொகுதிகளாகப் பிரித்து, முதல் மூன்று ரவுண்டை அந்தந்தத் தொகுதிக்குள்ளேயே ஆடவிடலாம். அது 18 மேட்ச். மீதி 48 மேட்ச் தொகுதிகளுக்கு இடையே, எட்டு ரவுண்டு. ஆரம்பத்தில் நோய் புகுந்தாலும் நான்கு அணிகளோடு நிற்கும், மற்ற எட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன வட்ட முறையில் இது தானாக வராது, கையால் எழுத வேண்டும்.

எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்து ஆடவைத்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஐஎஸ்எல் இரண்டு முழு சீசன்களைக் கோவாவில் அப்படித்தான் நடத்தியது. ஃபதோர்டா, பாம்போலிம், வாஸ்கோ என்று மூன்று மைதானங்கள், சென்னையின் எஃப்சி உட்பட எல்லா அணிகளும் ஹோட்டலில். அப்படியும் 2022 ஜனவரியில் பல மேட்சுகள் தள்ளிப்போயின. ஐ-லீக் இன்னும் மோசமாக அடிபட்டது. 2021 டிசம்பர் 26-ல் ஆரம்பித்து, சில நாட்களிலேயே நிறுத்தி, மார்ச் 3-ல்தான் திரும்ப ஆரம்பிக்க முடிந்தது. அத்தனை பணம் செலவழித்தவர்களுக்கே அந்த நிலை. உங்கள் லீக்கில் ஆடுபவர்களில் பாதிப் பேர் காலையில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று வேலைக்குப் போய்விட்டு வருபவர்களாக இருப்பார்கள். அவர்களை அடைத்து வைப்பது நடக்காத காரியம். அதனால் எத்தனை பேர் இருந்தால் அணி ஆடியே ஆக வேண்டும் என்ற விதி உங்களுக்கு இன்னும் அவசியம். கோல்கீப்பர் ஒருவர், மற்ற வீரர்கள் 13 பேர் இருந்தால் ஆட வேண்டும் என்று இங்கிலாந்தில் 2021 டிசம்பரில் வைத்திருந்தார்கள். மொத்த ஸ்குவாடே 20 பேர் இருக்கும் நம் ஊர் அணிகளுக்கு கோல்கீப்பரோடு சேர்த்து 12 பேர் போதும் என்பேன். பதிவு எண்ணிக்கையைக் கூட்டி, ஜூனியர் அணியிலிருந்து ஐந்து பையன்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். ஐந்து மாற்று வீரர்கள் என்ற விதியே 2020 மே மாதம், நெருக்கிப் போட்ட மேட்சுகளுக்காக வந்ததுதான்.

இனி தேதிகள். சென்னையில் நோய் இல்லாவிட்டாலும் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எஃப்சி தன் ஐஎஸ்எல் ஹோம் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டி வந்தது. 3-0 என்று கொல்கத்தாவை ஜெயித்து, அடுத்து கோவாவில் பட்டத்தையும் வாங்கினார்கள். மாற்று மைதானம் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை. மழை முடிந்தால் பொங்கல். ஏப்ரல், மே வெயில். ஆக நல்ல காலம் பிப்ரவரி, மார்ச்; அதன் பிறகு ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஆகஸ்டில் சாயங்கால மழை வரும்தான், ஆனால் மறுநாள் கிரவுண்டு காய்ந்துவிடும்.

இதற்கு மேல் நோயின் காலண்டரை வைத்துப் பாருங்கள். 2021-ல் மே மாதத்தில் முழு ஊரடங்கு வந்தது. 2022 ஜனவரியில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு, 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. ஞாயிறை நம்பிப் போட்ட அட்டவணை என்றால் அந்த மாதத்தில் மூன்று ரவுண்டு காணாமல் போயிருக்கும். வார நாளில் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆடும் பழக்கம் நம் அலுவலக அணிகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நிறுவனங்களிடம் வீரர்களுக்கான வார நாள் அனுமதியை சீசனுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஒரே கிரவுண்டில் நாளுக்கு இரண்டு மேட்ச் என்றால் 66 மேட்சுக்கு 33 ஆட்ட நாள் போதும்.

பார்வையாளர் விஷயத்துக்கு வருகிறேன். அரசு 50 சதவீதம் என்று அனுமதி தந்தால் பாதி டிக்கெட் விற்கலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த எண்ணுக்கும் இடைவெளிக்கும் சம்பந்தம் இல்லை. இருக்கையின் அகலம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விட்டு ஒன்று உட்காரவைத்தால் 50 சதவீதம், ஆனால் இரண்டு பேருக்கு நடுவே ஒரு மீட்டர்தான். இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் ஒருவருக்குப் பிறகு மூன்று இருக்கையைக் காலியாக விட வேண்டும், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் உட்கார வேண்டும். அப்போது எட்டில் ஒரு பங்குதான் நிரம்பும். 20,000 இருக்கைக்கு 2,500 பேர். இதையே நான்கு பேர் கொண்ட குடும்பங்களாக, நண்பர்களாகச் சேர்த்து விற்று, குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே மூன்று இருக்கை விட்டால் ஏழில் இரண்டு பங்கு நிரம்பும், அதாவது கிட்டத்தட்ட 5,700 பேர். இடைவெளி அதேதான், கூட்டம் இரண்டு மடங்குக்கு மேல். டிக்கெட்டை நான்கு நான்காக விற்பது என்ற ஒரு முடிவு இவ்வளவு வித்தியாசம் தரும். ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பிரித்து உட்காரவைப்பதில் மருத்துவ ரீதியாகவும் பயன் இல்லை.

ஆனால் இருக்கை வரைபடம் கோல் விழும் வரைதான். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோல் விழுந்ததும் கேலரியில் இருக்கும் பாதிப் பேர் கீழே கம்பி வரை ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் மேலே ஒதுக்கிய காலி இருக்கைகளுக்கு அர்த்தம் இல்லை. எனவே கீழிருந்து முதல் ஐந்தாறு வரிசைகளை விற்காமல் கயிறு கட்டி, படிகளின் அடியில் ஆள் நிறுத்துங்கள். அடுத்த பிரச்சினை இடைவேளை. கால்பந்து விதிப்படி இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அந்த 15 நிமிடத்தில் எல்லோரும் ஒரே டீக்கடைக்கும் ஒரே கழிவறைக்கும் போவார்கள். உள்ளே தீனி விற்பனையை நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலை நுழைவிலேயே கொடுத்துவிட்டால் பாதிக் கூட்டம் எழுந்திருக்காது. கழிவறையைப் பகுதிவாரியாகப் பிரித்துவிட வேண்டும்.

நுழைவாயிலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் சோதனை, சான்றிதழ் சோதனை எல்லாம் சேர்த்து ஒரு வரிசையில் நிமிடத்துக்கு ஐந்து பேர் போகிறார்கள் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் 450 பேர். 5,000 பேருக்குப் பன்னிரண்டு வரிசை வேண்டும். நான்கு வரிசை மட்டும் வைத்தால், உள்ளே அழகாக இடைவெளி விட்டு உட்கார வேண்டியவர்கள் வெளியே சைடன்ஹாம்ஸ் சாலையில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். டிக்கெட்டிலேயே வாயில் எண்ணும், வர வேண்டிய நேரமும் அச்சிடுங்கள். ஏழரை மணி மேட்ச் வேண்டாம். முடிந்து வெளியே வர ஒன்பதரை ஆகும். பத்து மணி ஊரடங்கு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் சென்ட்ரலுக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் ஓடுவார்கள். ரயில் பெட்டிக்குள் இடைவெளி ஏது? ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள்.

அனுமதி எப்போது வரும், எப்போது போகும் என்பது உங்கள் கையில் இல்லை. சேப்பாக்கத்தில் 2021 பிப்ரவரி 5-ல் தொடங்கிய இங்கிலாந்து கிரிக்கெட் டெஸ்ட் காலி மைதானத்தில் நடந்தது. அதே மைதானத்தில் 13-ம் தேதி தொடங்கிய அடுத்த டெஸ்டுக்குப் பாதிக் கூட்டம். இங்கிலாந்தில் 2020 டிசம்பரில் லிவர்பூல் 2,000 பேரை உள்ளே விட முடிந்தபோது, பக்கத்து ஊரான மான்செஸ்டரில் ஒருவரைக்கூட விட முடியவில்லை. கூட்டம் இல்லாவிட்டால் ஹோம் அணியின் சாதகம் குறைகிறது என்பது ஜெர்மனியில் அந்த வருடமே வெளிப்படையாகத் தெரிந்தது. எனவே ஒரே ரவுண்டில் ஒரு மேட்சுக்குக் கூட்டமும் இன்னொன்றுக்குக் காலியும் என்றால் அணிகள் புகார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் லீக் ஒரே கிரவுண்டில் நடந்தால் இந்தத் தொல்லை இல்லை. சீசன் டிக்கெட் மட்டும் விற்காதீர்கள். மேட்சுக்கு மேட்ச், முதலில் எட்டில் ஒரு பங்கு, அனுமதி கூடினால் அடுத்த பங்கு என்று விற்றுக்கொண்டு போங்கள். மேட்ச் தள்ளிப்போனால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்பதையும் டிக்கெட்டிலேயே போட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி மாதிரி இடங்களில் வேலியும் டிக்கெட்டும் இல்லாத கிரவுண்டில் ஆடுவதாக இருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. கோட்டுக்கு வெளியே எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று எண்ணவே வழி இல்லை. அங்கே மேட்சை வார நாளில் வைத்து, ஒரு போனில் நேரலை போட்டு, அந்தப் பகுதிப் பெரியவர்களையே கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான் நடக்கக்கூடியது. தன் தெருப் பையன் ஆடுவதைப் பார்க்க வருபவரை போலீஸ் வைத்து விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் மனதை அறுக்கும் விஷயம். நெருக்கடி வந்ததும் எல்லோரும் முதலில் ரத்து செய்வது வயதுப் பிரிவுப் போட்டிகளை. இந்தியாவில் 2020-ல் நடக்க வேண்டியிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2021-க்குத் தள்ளிப்போய், அதுவும் ரத்தாகி, 2022 அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் முதலில் தயாரான பெண்களுக்கு வயது தாண்டிவிட்டது. சொந்த நாட்டில் உலகக் கோப்பை ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு மறுபடி வராது. 28 வயது வங்கி ஊழியர் அடுத்த வருடம் ஆடலாம். 16 வயதுப் பையனுக்கு அந்த வருடம் போனால் போனதுதான், தேர்வாளர் பார்க்கும் ஒரே சீசனாக அது இருந்திருக்கலாம். ஆகவே பிப்ரவரி-மார்ச், ஜூலை-செப்டம்பர் என்று கிரவுண்டு கிடைக்கும்போது, முதல் மூன்று வாரத்தை ஜூனியர் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்கள் 12 அணிகளின் முதல் ரவுண்டை வையுங்கள்.